நகரும் விண்மீனைத் தேடி: வாசகர் கேள்வி – பதில்

ஒபியூக்கஸ் விண்மீன் குழுவில் இருக்கும் பர்னார்டு விண்மீனை ஆண்டுதோறும் ஒரே கருவியால் படம் எடுத்து, அது வானில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று அளந்துவரும் பொழுதுபோக்கு வானியலாளர்களைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு குறிப்பு வெளியிட்டிருந்தோம். அதைத் தொடர்ந்து சென்னையின் பல பகுதிகளிலிருந்து கடிதங்கள் வந்தன. ஒரே பொருளைப் பலர் கேட்டிருந்த இடங்களில், தெளிவாகக் கேட்டிருந்தவரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு பதில் தருகிறோம்.

கேள்வி: என் பாட்டி காட்டிய அதே இடத்தில்தான் சுவாதியும் ரோகிணியும் இன்றும் தெரிகின்றன. கோள்கள் நகரும், விண்மீன்கள் நகரமாட்டா என்றுதான் பள்ளியிலும் படித்தேன். விண்மீன் நகர்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? அப்படியானால் திருமணத்தில் காட்டும் அருந்ததியும் ஒருநாள் வசிட்டரை விட்டு விலகிவிடுமா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஒரு மனிதரின் வாழ்நாளுக்குள் வெறுங்கண்ணால் பார்ப்பவருக்கு உங்கள் பாட்டி சொன்னதே சரி. 1718-ஆம் ஆண்டில் எட்மண்ட் ஹாலி, தாலமியின் நூலில் பதிவாகியிருந்த பழைய கிரேக்க அளவுகளைத் தம் காலத்து அளவுகளோடு ஒப்பிட்டபோது, சுவாதி, சிரியஸ், ரோகிணி ஆகிய மூன்றும் இருக்கவேண்டிய இடத்தில் இல்லை என்பதைக் கண்டார். விண்மீன்களுக்கும் சொந்த நகர்வு உண்டு என்பதற்கு அதுவே முதல் சான்று. இன்றைய அளவின்படி சுவாதி ஆண்டுக்கு 2.28 வில்விநாடி நகர்கிறது. ஒரு பாகைக்கு 3,600 வில்விநாடி என்பதால், 2,000 ஆண்டுகளில் அது ஒன்றேகால் பாகை, அதாவது முழு நிலவின் அகலத்தைப்போல் இரண்டரை மடங்கு தொலைவு, இடம் மாறியிருக்கும். சங்க காலத்தில் ஒருவர் சுவாதி இருந்த இடத்தைத் துல்லியமாக அளந்து எழுதி வைத்திருந்தால், இன்று நமக்கு வேறு சான்றே தேவைப்பட்டிருக்காது.

ஆனால் ஹாலி சுட்டிய மூன்றில் ரோகிணியின் கதை வேறு. அதன் நகர்வு ஆண்டுக்கு 0.2 வில்விநாடி மட்டுமே. அவர் கண்ட பெரிய வேறுபாட்டுக்கு, விண்மீனின் நகர்வு அல்ல, பழைய அளவிலிருந்த பிழையே முதன்மைக் காரணம். இந்தச் செய்தியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நுங்கம்பாக்கத்தைப் பற்றிய கேள்வியில் இது மறுபடியும் வரும்.

அருந்ததியைப் பற்றிக் கவலை வேண்டாம். அருந்ததியும் வசிட்டரும் ஆண்டுக்கு ஏறத்தாழ 0.12 வில்விநாடி வீதம், ஏறக்குறைய ஒரே திசையில், சேர்ந்தே நகர்கின்றனர். சப்தரிஷி மண்டலத்தின் நடுவிலுள்ள வேறு சில விண்மீன்களும் அவர்களோடு கூட்டமாகச் செல்கின்றன.

கேள்வி: பர்னார்டு விண்மீன் எங்கே இருக்கிறது? எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்க்க முடியுமா? என்னிடம் ஒரு பைனாகுலர் மட்டுமே இருக்கிறது.
– ஒரு வாசகர், தாம்பரம்

பதில்: பைனாகுலரால், அதுவும் சென்னைப் புறநகரின் விளக்கொளியில், கடினம். அதன் பொலிவெண் 9.5 (இந்த எண் கூடக்கூட விண்மீன் மங்கலாகும்). நம் கண்ணுக்குத் தெரியும் மிக மங்கலான விண்மீனைவிடவும் அது இருபது மடங்குக்கு மேல் மங்கலானது. சூரியனின் நிறையில் ஆறில் ஒரு பங்கு மட்டுமே கொண்ட சிவப்புக் குறுமீன் அது. 6 ஒளியாண்டுத் தொலைவில், சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன்களில் ஒன்றாக இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதிலிருந்தே அதன் சிறுமை விளங்கும். ஆறு அங்குலத் தொலைநோக்கி இருந்தால் நகரத்திலிருந்தும் பார்க்கலாம். கேமரா பொருத்தினால் இன்னும் சிறிய கருவியே போதும். சில விநாடி ஒளிபிடிப்பிலேயே அது பதிந்துவிடும்.

தேடும் முறை இது. ஜூன் மாதப் பிற்பாதியில் நள்ளிரவை ஒட்டி, தெற்கே விருச்சிகத்தின் சிவந்த கேட்டையையும் கிழக்கே திருவோணத்தையும் முதலில் அடையாளம் கண்டுகொள்ளுங்கள். அவ்விரண்டையும் இணைக்கும் கோட்டுக்கு வடக்கே, கிட்டத்தட்ட உங்கள் தலைக்கு மேல், பீட்டா ஒபியூக்கி என்ற மூன்றாம் பொலிவு விண்மீன் இருக்கிறது. அதிலிருந்து கிழக்கே மூன்றரை பாகை அளவுக்குப் பைனாகுலரை நகர்த்தினால் 66 ஒபியூக்கி என்ற மங்கலான மீனின் சுற்றுவட்டாரத்துக்கு வந்துவிடுவீர்கள். 66-க்கு வடமேற்கே முக்கால் பாகை தள்ளி இருப்பதுதான் நாம் தேடும் மீன். பழைய வான்வரைபடங்களில் 2000-ஆம் ஆண்டுக்குரிய இடமே அச்சிடப்பட்டிருக்கும். 2026 வாக்கில் அது அங்கிருந்து நாலரை வில்நிமிடம் (ஒரு வில்நிமிடம் 60 வில்விநாடி) வடக்கே போய்விட்டதால், வரைபடத்திலுள்ள புள்ளியை நம்பி வேறொரு மீனைப் படம் பிடித்துக்கொண்டு வருபவர்கள் உண்டு.

சென்னைக்கு இதில் ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. நம் அகலாங்கு 13 பாகை. அந்த மீன் வான நடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவான இடத்தில் இருக்கிறது. ஆகவே அது நம் உச்சியிலிருந்து எட்டு பாகை தெற்கே கடக்கிறது. அவ்வளவு உயரத்தில் காற்றுமண்டலத்தின் தடிப்பும் ஒளி விலகலும் மிகக் குறைவு. ஐரோப்பாவிலிருந்து அளப்பவர்களுக்கு இந்த வசதி இல்லை. நமக்குள்ள தொல்லைகள் வேறு: பகலெல்லாம் வெயிலில் காய்ந்த மாடித் தளம் முன்னிரவு முழுவதும் வெப்பத்தை வெளிவிட்டுக்கொண்டிருப்பதால் விண்மீன் கொதிக்கும் நீரில் தெரிவதுபோல் ஆடும், கடற்காற்றின் ஈரம் கண்ணாடியில் படியும். நள்ளிரவுக்குப் பின் அளப்பதும், கருவியைச் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு மூடி வைப்பதும் உதவும். வடகிழக்குப் பருவமழை வானத்தை மூடிவிடும் மாதங்களில் அந்த மீனும் சூரியனை நெருங்கி மறைந்துவிடுவதால், மழையால் நாம் இழப்பது அதிகமில்லை.

கேள்வி: நகர்வு என்று நீங்கள் சொல்வது அயனாம்சத்தைத்தானே? பஞ்சாங்கக்காரர்கள் இதை எப்போதோ கணக்கில் சேர்த்துவிட்டார்களே.
– ஒரு வாசகர், மேற்கு மாம்பலம்

பதில்: இல்லை, இரண்டும் வெவ்வேறு. பூமியின் அச்சு 25,800 ஆண்டுகளுக்கு ஒரு முறை மெல்லச் சுழன்று வருவதால், நாம் விண்மீன்களின் இடத்தை அளக்கத் தொடங்கும் புள்ளியே ஆண்டுக்கு 50.3 வில்விநாடி பின்னோக்கி நகர்கிறது. அந்தச் சேர்மானம் இன்று 24 பாகையைத் தாண்டி அயனாம்சமாக நிற்கிறது. அது எல்லா விண்மீன்களையும் ஒன்றுபோலப் பாதிக்கும். அதனால் எந்த மீனும் தன் அண்டை மீனிடமிருந்து விலகுவதில்லை. சொந்த நகர்வு என்பது ஒரு மீன் மட்டும் தன் அண்டை மீன்களைவிட்டு விலகிச் செல்வது.

ஆயினும் உங்கள் கேள்வி அளப்பவர்களுக்கு மிகவும் வேண்டிய ஓர் எச்சரிக்கையைத் தருகிறது. மிக வேகமாக நகரும் பர்னார்டு விண்மீனின் நகர்வே ஆண்டுக்கு 10.4 வில்விநாடிதான், அச்சின் சுழற்சியால் வரும் மாற்றம் அதைப்போல் ஐந்து மடங்கு. ஓர் ஆண்டின் அளவை 2000-ஆம் ஆண்டுச் சட்டகத்திலும் (அதாவது அந்த ஆண்டின் தொடக்கப் புள்ளியிலிருந்து அளந்தும்) அடுத்த ஆண்டின் அளவை அன்றைய தேதிக்குரிய சட்டகத்திலும் எழுதிவிட்டால், கிடைக்கும் வேறுபாட்டில் பெரும்பகுதி விண்மீனுக்கு உரியதாக இராது. எல்லா அளவுகளையும் 2000-ஆம் ஆண்டுச் சட்டகத்திலேயே வைத்துக்கொள்வதுதான் வழக்கம்.

கேள்வி: 750 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள ஆறு அங்குல எதிரொளிப்புத் தொலைநோக்கியும், 3.76 மைக்ரோமீட்டர் பிக்சல் கொண்ட கேமராவும் வைத்திருக்கிறேன். சென்ற ஜூனிலும் இந்த ஜூனிலும் எடுத்த படங்களை ஒன்றின்மேல் ஒன்று பொருத்திப் பார்த்ததில் பர்னார்டு விண்மீன் பத்து பிக்சல் நகர்ந்திருக்கிறது. இதிலிருந்து அதன் வேகத்தைச் சொல்ல முடியுமா?
– ஒரு வாசகர், வேளச்சேரி

பதில்: முதலில் பாராட்டு. பிக்சலின் அளவை 206.265-ஆல் பெருக்கிக் குவியத் தொலைவால் வகுத்தால், ஒரு பிக்சல் வானில் எத்தனை வில்விநாடி என்பது கிடைக்கும். உங்கள் கருவிக்கு அது 1.03. ஆகவே பத்து பிக்சல் என்பது 10.3 வில்விநாடி, ஏற்கப்பட்ட அளவோடு மிகவும் ஒத்துப்போகிறது. இருப்பினும் தொலைநோக்கியின் பெட்டியில் அச்சிட்ட குவியத் தொலைவை அப்படியே நம்பவேண்டாம். கேமராவுக்கு முன் நீங்கள் பொருத்தும் திருத்திக் கண்ணாடி அதைச் சில விழுக்காடு மாற்றிவிடும். படத்திலுள்ள மற்ற விண்மீன்களின் அறியப்பட்ட இடங்களைக்கொண்டு படத்தின் அளவுகோலைக் கண்டுபிடித்துத் தரும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. அதை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியே செய்யுங்கள்.

இரண்டு படங்களையும் ஜூனிலேயே எடுத்தது நல்லது. ஏன் என்பதை அடுத்த பதிலில் சொல்கிறோம்.

வேகத்துக்கு வருவோம். கோண நகர்வு மட்டும் வேகத்தைத் தராது, தொலைவும் தெரியவேண்டும். தொலைவைத் தருவது இடமாறு தோற்றம் என்ற அளவு (அடுத்த பதிலில் விளக்குகிறோம்); பர்னார்டு விண்மீனுக்கு அது 0.547 வில்விநாடி. 10.4-ஐ 0.547-ஆல் வகுத்து 4.74-ஆல் பெருக்கினால் விநாடிக்கு 90 கிலோமீட்டர் என்று வரும். 4.74 என்பது, ஓர் ஆண்டில் பூமி–சூரியன் இடைத்தொலைவைக் கடக்கும் பொருளின் வேகம், விநாடிக்குக் கிலோமீட்டர் கணக்கில். இது நம் பார்வைக்குக் குறுக்கே செல்லும் வேகம் மட்டுமே. நிறமாலையைக்கொண்டு அளந்தால் அது நம்மை நோக்கி விநாடிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வந்துகொண்டிருப்பதும் தெரியும். பைதகரஸ் தேற்றத்தால் இரண்டையும் சேர்த்தால் 142. நம் அண்டை மீன்களில் பெரும்பாலானவை இதைவிட மெதுவாகவே செல்கின்றன. பர்னார்டு நம்முடைய பால்வழி மண்டலத்தின் மிக மூத்த விண்மீன்களில் ஒன்று என்று கருதப்படுவதற்கு இந்த வேகமும் ஒரு காரணம்.

ஓர் ஆண்டு காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு. 1950-களில் கலிபோர்னியாவின் பாலமர் மலையில் எடுத்த வான்படத் தட்டுகள் எண்மப்படுத்தப்பட்டு எவரும் இலவசமாகப் பெறும்படி வைக்கப்பட்டுள்ளன. அதே பகுதியை இன்று நீங்கள் எடுக்கும் படத்தோடு மாற்றி மாற்றிக் காட்டினால், மற்ற மீன்கள் அனைத்தும் நின்ற இடத்தில் நிற்க, ஒன்று மட்டும் 13 வில்நிமிடம், ஏறத்தாழ அரை நிலவின் அகலத்துக்கு, வடக்கே தாவியிருப்பதைக் காணலாம். எட்வர்ட் எமர்சன் பர்னார்டு 1916-இல் இந்த மீனைக் கண்டுபிடித்ததும் இதே முறையில், 1894-ஆம் ஆண்டுத் தட்டோடு ஒப்பிட்டுத்தான். வறுமையால் சிறுவயதிலேயே நாஷ்வில் நகரின் ஒளிப்பட நிலையம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, பொழுதுபோக்காக வால்மீன்களைத் தேடத் தொடங்கி, பின்னர் வியாழனின் ஐந்தாம் துணைக்கோளைக் கண்டவர் அவர். இந்தப் பணிக்கு அவரைவிடப் பொருத்தமான ஒருவரை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கேள்வி: இடமாறு தோற்றத்தைப் பள்ளி மாணவர்களைக்கொண்டு அளக்க முடியுமா? பாடநூலில் கட்டைவிரலை நீட்டி ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்வதோடு நின்றுவிடுகிறது.
– ஓர் ஆசிரியை, அண்ணா நகர்

பதில்: முடியும்; ஆனால் ஓராண்டுத் திட்டமாகத்தான் முடியும். கடற்கரை–தாம்பரம் மின்ரயிலில் சன்னலோரம் அமர்ந்திருக்கும்போது தண்டவாளத்தை ஒட்டிய கம்பங்கள் விரைந்து பின்னோக்கி ஓட, தொலைவிலுள்ள பரங்கிமலை மெதுவாகவே இடம் மாறுவதை உங்கள் மாணவர்கள் பார்த்திருப்பார்கள். நாம் ஏறியிருக்கும் வண்டி பூமி. அது ஆண்டுக்கு ஒரு முறை சூரியனைச் சுற்றுவதால், அருகிலுள்ள மீன் தொலைவிலுள்ள மீன்களின் பின்னணியில் ஆண்டுக்கு ஒரு முறை முன்னும் பின்னுமாக ஆடுவதுபோல் தோன்றும். பர்னார்டு விண்மீனுக்கு அந்த ஆட்டத்தின் முழு வீச்சு 1.09 வில்விநாடி.

அந்த மீன் இருக்கும் திசையின் காரணமாக, ஆட்டம் கிழக்கு–மேற்காக மிகுதியாகத் தெரியும் நாட்கள் மார்ச் 21-ஐயும் செப்டம்பர் 22-ஐயும் ஒட்டி வருகின்றன. மார்ச்சில் விடியலுக்கு முன் நாலரை மணிக்கும், செப்டம்பரில் இருட்டியதும் ஏழேகால் மணிக்கும் அது சென்னையில் நல்ல உயரத்தில் இருக்கும். ஆட்டத்தோடு சொந்த நகர்வும் கலந்திருப்பதுதான் இதிலுள்ள சிக்கல். ஆண்டுக்கு 10.36 வில்விநாடி வடக்கே செல்வதோடு, 0.8 வில்விநாடி மேற்கேயும் அது நகர்கிறது. ஆகவே மார்ச்சிலிருந்து செப்டம்பருக்குள் அது மேற்கே ஒன்றரை வில்விநாடி செல்லும். அடுத்த மார்ச்சுக்குள் கிழக்கே 0.7 வில்விநாடி திரும்பும். இரண்டு மார்ச் மாதங்களின் இடங்களுக்குச் சராசரி எடுத்தால், இடையிலுள்ள செப்டம்பரில் ஆட்டம் மார்ச்சில் இருந்ததுபோலவே இருந்திருந்தால் மீன் எங்கே இருந்திருக்கும் என்பது கிடைக்கும். செப்டம்பரில் உண்மையில் கண்ட இடத்துக்கும் அதற்கும் உள்ள வேறுபாடே 1.09. அதில் பாதி இடமாறு தோற்றம், 3.26-ஐ அதனால் வகுத்தால் ஒளியாண்டில் தொலைவு வந்துவிடும். மூன்று இரவுகளின் படங்களும் ஒரு கூட்டல் கழித்தலும் போதுமானவை என்பதே இந்த முறையின் அழகு.

ஆண்டுதோறும் ஒரே தேதியில் படம் எடுத்தால் ஆட்டம் தானே கழிந்து சொந்த நகர்வு மட்டும் மிஞ்சும் என்பதும் இதிலிருந்து விளங்கும். வேளச்சேரி வாசகருக்கு நாம் சொல்லவந்தது இதுவே.

ஒரு பிக்சலுக்கு ஒரு வில்விநாடி என்ற அளவுகோலில் இந்த ஆட்டம் ஒரே ஒரு பிக்சல்தான். விண்மீனின் உருவம் பல பிக்சல்களில் பரவியிருப்பதால் அதன் ஒளி மையத்தைப் பிக்சலில் பத்தில் ஒரு பங்கு வரை கணிக்கலாம். ஒவ்வோர் இரவும் ஐம்பது அறுபது படங்கள் எடுத்துச் சராசரி கண்டால் பிழை இன்னும் குறையும். ஒப்பிடுவதற்கு அதே படத்திலுள்ள மங்கலான மீன்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். மங்கலானவை பெரும்பாலும் தொலைவில் இருப்பவை. அவற்றின் ஆட்டம் நம் கணக்கைக் கெடுக்காது. 1838-இல் ஃபிரெட்ரிக் பெசல் 61 சிக்னி என்ற மீனுக்கு முதன்முதலில் தொலைவு கண்டபோது அவர் பிடித்த அளவு 0.31 வில்விநாடி மட்டுமே. அதையும் படம் இன்றிக் கண்ணால் பார்த்தே அளந்தார். அந்த மீனை அவர் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே அதன் ஆண்டுக்கு 5.2 வில்விநாடி நகர்வுதான்: வேகமாக நகர்வது அருகில் இருக்கும் என்று அவர் கருதினார்.

கேள்வி: நுங்கம்பாக்கத்தில் வானிலை மைய வளாகத்தினுள் பழைய வானாய்வகத்தின் கல்தூண் ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டேன். அங்கே நடந்த ஆய்வுகளுக்கும் நீங்கள் எழுதிய இந்த நகர்வுக்கும் ஏதேனும் தொடர்பு உண்டா?
– ஒரு வாசகர், கோடம்பாக்கம்

பதில்: இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் நமக்கு மிகவும் பிடித்தது இது. தொடர்பு உண்டு, அதுவும் நேரான தொடர்பு.

வில்லியம் பெட்ரி 1786-இல் தம் சொந்தச் செலவில் தொடங்கிய வானாய்வகத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டு, 1792-இல் மைக்கேல் டாப்பிங் வகுத்த திட்டப்படி நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியது. நீங்கள் குறிப்பிடும் கருங்கல் தூண், கருவி அசையாதிருக்க நிறுத்தப்பட்ட பீடம். அதில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கல்வெட்டு இருக்கிறது. 1830-இல் பொறுப்பேற்ற தாமஸ் கிளான்வில் டெய்லர், 1844-இல் 11,015 விண்மீன்களின் இடங்களைக்கொண்ட சென்னைப் பட்டியலை வெளியிட்டார். சொந்த நகர்வை அறிய இத்தகைய பட்டியல்தான் மூலதனம். ஒரு காலத்தில் ஒருவர் அளந்து வைத்ததை இன்னொரு காலத்தில் இன்னொருவர் மறுபடியும் அளக்கவேண்டும். இடையில் அவர்கள் இருவரும் செய்வதற்கு ஒன்றுமில்லை, காலம் ஓடவேண்டியதுதான்.

டெய்லருக்குப் பின் வந்தவர் பொறியாளர் படையைச் சேர்ந்த கேப்டன் வில்லியம் ஸ்டீபன் ஜேக்கப். அக்காலத்தில் பிரிட்டிஷ் சங்கம் என்ற அறிவியல் அமைப்பின் பெரும் பட்டியலில் பல விண்மீன்களுக்கு வியக்கத்தக்க அளவு சொந்த நகர்வு காட்டப்பட்டிருந்தது. ஜேக்கப் 1853 முதல் 1857 வரை அவற்றுள் 317 மீன்களைச் சென்னையிலிருந்து மறுபடியும் அளந்து, அவற்றுக்குச் சொல்லப்பட்ட பெரு நகர்வுகள் பிழையானவை என்று காட்டினார். ஹாலியின் ரோகிணிக்கு நேர்ந்ததே இங்கும் நேர்ந்திருந்தது: பழைய அளவில் ஒருவர் செய்த சிறு பிழை, பின்னால் வந்தவர் கணக்கில் விண்மீனின் ஓட்டமாக மாறிவிட்டது. ஓடும் மீனைக் கண்டுபிடித்தவரின் பெயர் நிலைக்கிறது. ஓடாத மீன்களை ஓடவில்லை என்று நிறுவியவரின் பெயரை நுங்கம்பாக்கத்திலேயே எத்தனை பேர் அறிவார்கள் என்று தெரியவில்லை.

அவருடைய மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். 70 ஒபியூக்கி என்பது ஒன்றையொன்று 88 ஆண்டுகளில் சுற்றும் இரட்டை மீன். 17 ஒளியாண்டுத் தொலைவுக்குள் இருக்கும் அண்டை மீன். அதன் சுற்றுப்பாதை கணக்குக்கு ஒத்துவரவில்லை என்றும், கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று அதை இழுத்துக்கொண்டிருக்கலாம் என்றும் 1855-இல் சென்னையிலிருந்து ஜேக்கப் அறிவித்தார். சூரியனுக்கு அப்பால் ஒரு கோளைக் கண்டதாக அளவுகளைக் காட்டி எழுந்த மிக முற்பட்ட கோரிக்கைகளில் ஒன்று அது. பின்னர் அமெரிக்காவில் இன்னொருவரும் அதே மீனுக்குக் கோள் இருப்பதாகச் சொன்னார். 1899-இல் ஃபாரஸ்ட் மோல்டன், அந்த இரண்டாமவரின் கணக்குப்படியான அமைப்பு நிலைத்து நிற்க முடியாதது என்று காட்டினார். இன்றுவரை அங்கே கோள் எதுவும் உறுதிப்படவில்லை.

இப்போது வான்வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். 70 ஒபியூக்கியிலிருந்து பர்னார்டு விண்மீனுக்கு மூன்று பாகை தொலைவுதான். நூறு ஆண்டுகள் கழித்து அங்கும் அதே நாடகம் நடந்தது. அமெரிக்காவின் ஸ்ப்ரோல் வானாய்வகத்தில் பல பத்தாண்டுகளாக எடுத்த தட்டுகளை அளந்த பீட்டர் வான் டி காம்ப், பர்னார்டு விண்மீனின் பாதையில் ஒரு சிறு நெளிவு இருப்பதாகவும், வியாழனைவிடப் பெரிய கோள் ஒன்று அதைச் சுற்றுவதாகவும் 1963-இல் அறிவித்தார். 1973-இல் ஜார்ஜ் கேட்வுட்டும் ஹைன்ரிக் ஐக்கோர்னும் வேறு தொலைநோக்கியின் தட்டுகளில் தேடியபோது நெளிவு தென்படவில்லை. ஸ்ப்ரோல் தட்டுகளை ஆராய்ந்த ஜான் ஹெர்ஷி, அதே நெளிவு மற்ற விண்மீன்களிலும் இருப்பதையும், தொலைநோக்கியின் கண்ணாடியில் பணி நடந்த காலங்களோடு அது பொருந்துவதையும் கண்டார். ஆடியது கருவி, விண்மீன் ஆடவில்லை. மாடியில் அளக்கும் நம் வாசகர்கள் கேமராவைக் கழற்றி மாட்டிய நாள், கண்ணாடியைச் சீர்செய்த நாள் ஆகியவற்றையெல்லாம் குறித்து வைக்கவேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்கு இதைவிட நல்ல காரணம் தேவையில்லை.

அந்த மீனுக்கு உண்மையிலேயே கோள்கள் இருப்பது பின்னர் வேறு வழியில் தெரியவந்தது. 2024 அக்டோபரில் நிறமாலை ஆய்வால் 3.15 நாளில் சுற்றிவரும் ஒரு கோள் அறிவிக்கப்பட்டது. 2025-இல் மொத்தம் நான்கு என்று உறுதியாயிற்று. எல்லாம் பூமியைவிடச் சிறியவை. வான் டி காம்ப் தேடிய பெருங்கோள் அவற்றுள் இல்லை.

கேள்வி: நம்மை நோக்கி வேகமாக வருகிறது என்கிறீர்களே, பூமியில் மோதுமா?
– எட்டாம் வகுப்பு மாணவர், பெரம்பூர்

பதில்: மோதாது. கி.பி. 11,800 வாக்கில் 3.75 ஒளியாண்டு வரை நெருங்கி, பிறகு விலகிவிடும். அப்போதும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி: கையா விண்கலம் கோடிக்கணக்கான விண்மீன்களை அளந்து முடித்துவிட்டபோது, மாடியில் நின்று ஒரு மீனை அளப்பதால் அறிவியலுக்கு என்ன பயன்?
– ஒரு வாசகர், அம்பத்தூர்

பதில்: பர்னார்டு விண்மீனைப் பொறுத்தவரை அறிவியலுக்குப் பயன் எதுவும் இல்லை என்று ஒளிக்காமல் சொல்லிவிடலாம். 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 ஜனவரி வரை அளந்த கையா, 180 கோடி அளவிலான விண்மீன்களின் இடங்களை, நம் காற்றுமண்டலத்தினூடே எட்ட முடியாத துல்லியத்தில் பதிவு செய்திருக்கிறது. மாடியில் செய்யும் அளவீட்டின் பயன் அளப்பவருக்கே உரியது. ஆறு ஒளியாண்டு என்ற எண்ணைப் படித்துத் தெரிந்துகொள்வதும், தன் கருவியால் வருவித்துத் தெரிந்துகொள்வதும் ஒன்றல்ல என்று நாம் கருதுகிறோம். அப்படிக் கருதாதவர்களோடு வழக்காட விருப்பமில்லை.

அறிவியலுக்கே பயன்படவேண்டும் என்று விரும்பினால் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. ஒன்று, இரட்டை விண்மீன்கள். அவற்றின் இடைத்தொலைவையும் திசையையும் அளந்து முறைப்படி வெளியிட்டால் வாஷிங்டன் இரட்டை விண்மீன் பட்டியலில் அவை சேர்க்கப்படுகின்றன; பொழுதுபோக்காளர்களின் அளவுகள் அங்கே ஏராளம். நூற்றாண்டுக் கணக்கில் சுற்றும் இணைகளுக்கு நீண்ட காலத் தொடர்ப் பதிவு வேண்டியிருப்பதால் அந்தத் தேவை இன்னும் இருக்கிறது. மற்றொன்றுக்குத் தொலைநோக்கியே வேண்டாம். 2017-இல் தொடங்கிய பேக்யார்ட் வேர்ல்ட்ஸ் என்ற திட்டத்தில், வைஸ் விண்கலம் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த அகச்சிவப்புப் படங்களை மாற்றி மாற்றிக் காட்டுவார்கள். நகரும் புள்ளியைக் கண்டுபிடித்துச் சொல்வது தன்னார்வலரின் வேலை. பால்வழி மண்டலத்தைவிட்டே வெளியேறக்கூடிய அளவுக்கு, விநாடிக்கு 450 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்லும் மங்கலான பொருள் ஒன்றை அத்தன்னார்வலர்கள் கண்டறிந்தது 2024-இல் அறிவிக்கப்பட்டது. அடுக்குமாடியில் வானமே தெரியாத வீட்டில் குடியிருப்பவர்களும், வடகிழக்குப் பருவமழை நாட்களில் நம் எல்லோருமே, இதைச் செய்யலாம்.

கேள்வி: சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் ஆல்பா சென்டாரி என்கிறார்கள். அதைச் சென்னையிலிருந்து பார்க்கலாமா? அதன் நகர்வை அளக்கலாமா?
– ஒரு வாசகி, திருவான்மியூர்

பதில்: பார்க்கலாம். மே மாத இறுதியில் இரவு பத்து மணி அளவில் நேர் தெற்கே, தொடுவானத்திலிருந்து 16 பாகை உயரத்தில் அது தெரியும். அதற்கு மேற்கே சற்றுத் தள்ளி ஒளிரும் பீட்டா சென்டாரியோடு அதைக் குழப்பிக்கொள்ளவேண்டாம். இரண்டில் பொலிவு மிகுந்தது ஆல்பா. அதன் நகர்வு ஆண்டுக்கு 3.7 வில்விநாடி. ஆனால் அளப்பதற்கு அது ஏற்றதல்ல: பொலிவு மிகுதியால் படத்தில் ஊதிப்போய் மையம் காண்பது கடினமாகும், இரட்டை மீன் என்பதால் இரண்டும் ஒன்றையொன்று சுற்றும் அசைவும் கணக்கில் கலந்துவிடும், அவ்வளவு தாழ்வில் காற்றின் விலகல் வேறு சேரும். அதன் துணையான பிராக்சிமா 4.24 ஒளியாண்டில் உண்மையிலேயே நமக்கு மிக அருகில் இருப்பது, ஆண்டுக்கு 3.85 வில்விநாடி நகர்கிறது. பொலிவெண் 11 என்பதால் நகர விளக்கொளியில் அத்தனை தாழ்வில் அதைப் படம் பிடிப்பது கடினம். ஜவ்வாது மலைப்பக்கம் போகும்போது தெற்கு வானம் மறைவின்றித் தெரியும் இடமாகப் பார்த்துக் கருவியை நிறுத்தி முயன்று பாருங்கள். படம் கிடைத்தால் தேதியும் நேரமும் குறித்து எங்களுக்கு அனுப்புங்கள்.